டீவி அவித்த வருஷம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கரண்டு வந்தது. வந்து மூன்றாம் மாதம் டீவிகள் சாக ஆரம்பித்தன.

கரண்டு ஒழுங்காக வந்தால் அதுகள் சாகாது. சில நாள் மின்மினி மாதிரி வரும். சில நாள் பொங்கி வரும். பொங்கி வந்த நாளில் நாலு வீட்டுக் காம்பராவில் ஒரே நேரத்தில் 'டப்' என்று கேட்கும். அப்புறம் நாலு காம்பராவிலும் ஒப்பாரி கேட்கும்.

செத்ததை எல்லாரும் என்னிடம் கொண்டு வந்தார்கள். நான் ஸ்டோரில் வேலை செய்தேன். தேயிலை அரைக்கிற ஆலையைத்தான் ஸ்டோர் என்போம். அதன் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். வாட்டுவதற்குப் பெரிய காற்றாடிகள் கரண்டில் ஓடும். நான் அந்தக் காற்றாடிக்குக் கீழே நிற்கிறவன். ஆகவே எனக்குக் கரண்டு தெரியும் என்று லயம் முடிவு கட்டிவிட்டது. நான் மறுக்கவில்லை. மரியாதை கிடைக்கும்போது எதற்கு மறுக்க வேண்டும்.

ஒன்றையும் நான் பழுது பார்த்ததில்லை. பின்பக்கத்தைத் திறப்பேன். பார்ப்பேன். "ம்" என்பேன். மூடுவேன்.

"என்னண்ணே?"

"சாமான் கெடைக்கணும்."

அவ்வளவுதான். பெட்டியை விட்டுவிட்டுப் போவார்கள். திரும்பிக் கேட்க வெட்கப்படுவார்கள். லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் என் பெயர் பரவியது. பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ரேடியோ வந்தது. குவைத்தில் வேலை செய்து திரும்பிய ஒரு பெண் இரட்டைக் கேசட் போடுகிற பெரிய பெட்டி ஒன்றைத் தலையில் சுமந்து வந்து வைத்தாள். அதையும் திறந்தேன். "ம்" என்றேன்.

எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் பாதி இப்போது சவக்கிடங்கு. ஒரு டீவிக்குள் கோழி முட்டையிட்டது. என் சம்சாரம் ஒரு காலை முழுக்க முட்டையைத் தேடிவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இதுக இருக்கணும்."

யோசித்தேன். யோசித்தது தப்பு.

"யோசிக்கிறீங்களா?" என்றாள்.

அன்றைக்கே எரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

லயத்துக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் நாலு பெட்டியை அடுக்கி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். கறுப்புப் புகை எழும்பியது. காயப்போட்ட துணியெல்லாம் கறுப்பாயிற்று. பெண்கள் வாரியலோடு வெளியே வந்தார்கள். "எவன்டா பொணம் எரிக்கிறது?" என்று ஒரு குரல். பிறகு ஒரு டீவியின் கண்ணாடிக் குடுவை வெடித்தது. சண்டை நடந்த அந்த வருஷங்களில் வெடிச் சத்தம் சின்ன விஷயமில்லை. மொத்த லயமும் உள்ளே ஓடிக் கதவை அடைத்தது. நானும் ஓடினேன். நான்தான் கொளுத்தியவன் என்பது கதவை அடைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு மாதம் ஒன்றையும் தொடவில்லை.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னே நான் மலையில் கவ்வாத்து வெட்டியவன். தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை அது. ஒரு மழை நாளில் வழுக்கி நாலு வரிசைச் செடி தாண்டி உருண்டேன். இடது முழங்கால் போனது. நடக்கலாம், மேடு ஏற முடியாது. அதனால் ஸ்டோருக்குள் எடுத்தார்கள். எடுத்தவர் டீமேக்கர் ஐயா. தேயிலை அரைப்பு முழுக்க அவர் பொறுப்பு. சிங்களவர், கண்டிப் பக்கம். எங்களைவிடச் சுத்தமாக எங்கள் பாஷையில் திட்டுவார்.

மேல்மாடிக்கு ஏறுகிற படியடியில் நிற்பது என் வேலை. வாடுகிற கொழுந்து பஞ்சு மாதிரி. பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் குடித்துவிடும். மண்ணெண்ணெய்க் கையோடு ஒருத்தன் மேலே போனால் கொழும்பில் தேயிலை ருசி பார்க்கிறவர் வாயில் மண்ணெண்ணெய் தெரியும். அதனால் மேலே போகிற ஒவ்வொருவரையும் நான் மோந்து பார்க்க வேண்டும். சோப்பு வாசமா, திரும்பிப் போ. சுருட்டா, போய்க் கழுவு. கலியாணமாகி மூன்றாம் நாள் வேலைக்கு வந்த பெண்ணைத் தலையில் மல்லிகைப்பூ என்று திருப்பி அனுப்பியவன் நான். அவள் மாமியார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

என் மூக்கு அப்படி. அந்த மூக்குதான் என்னை மலைக்கு அனுப்பாமல் வைத்திருந்தது. அது போனால் மறுபடி மலை. மலை என்றால் முழங்கால். முழங்கால் என்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். இதை நான் மறந்ததில்லை. கொஞ்ச நாள் மறந்தேன்.

அப்போதுதான் மச்சினன் வந்தான். சம்சாரத்தின் தம்பி. முப்பது வயசு, பெரிய மீசை. கொழும்பில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேலை. தலவாக்கலையில் பஸ் மாறி வந்து இறங்கியவன் அக்காளை விசாரிக்கவில்லை. காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தான். கண் விரிந்தது.

"மச்சான்! இது குப்பை இல்ல. இது செம்பு."

"எங்கடா செம்பு? எல்லாம் பலகை."

"டீவிக்குள்ள பாகமெல்லாம் பத்தவச்ச அந்தப் பச்சைப் பலகையில தகடு தகடா செம்பு இருக்கு. நீங்க எரிச்சீங்களாமே? அக்கா கடுதாசி போட்டுச்சு."

"எரிச்சேன்."

"எரிக்கக் கூடாது மச்சான். அவிக்கணும்."

சம்சாரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுல அவிக்கிற? என் சட்டியிலயா?"

"இல்லக்கா. மூடி போட்ட இரும்பு டின்னு வேணும். காத்து உள்ள போகவே கூடாது. காத்து போனா எரியும், எரிஞ்சா பொகை. காத்து இல்லேன்னா எரியாது, வேகும். வெந்தா ஆவி வரும். அந்த ஆவிய ஒரு கொழாய் வழியா கீழ கொண்டாந்து அடுப்புக்கே தின்னக் குடுத்துரணும். பொகையே இருக்காது. அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு கூட இருக்கு. மறந்து போச்சு."

"பேரையே மறந்தவன் மிச்சத்த மட்டும் ஒழுங்காவா கேட்டிருப்ப?" என்றாள் அவள்.

ஆனால் எனக்குப் பிடித்துவிட்டது. புகை இல்லை என்ற ஒரு சொல் போதும்.

ஸ்டோருக்குக் கிரீஸ் வருகிற இரும்பு வாளி ஒன்று காலியாகக் கிடந்தது. மூடி கவ்விப் பிடிக்கும். அதைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்றார்கள். தண்ணீர் பிடிக்க என்றேன். மூடியில் ஓட்டை போட்டு ஒரு பழைய தண்ணீர்க் குழாயைச் செருகினோம். குழாயை வளைத்து வாளிக்கு அடியில் கொண்டு வந்தோம். மூடி ஓரத்தில் காற்றுப் புகாமல் பூச வேண்டும். கான் மண்ணும் அடுப்புச் சாம்பலும் குழைத்து அப்பினோம். மூன்று கல். கல்லின் மேல் வாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் அவியல். பச்சைப் பலகைகளை ஒடித்து வாளியில் அடுக்கினோம். கண்ணாடிக் குடுவையை மட்டும் தள்ளி வைத்தோம். அந்த வெடி போதும். தீ மூட்டினோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. மச்சினன் மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு குழாய் வாயில் 'புஸ்' என்றது. ஒரு தீ நாக்கு தானாகப் பற்றியது. விறகு போடாமலே எரிந்தது. மேலே புகை இல்லை. எதிர் வரிசையில் வெள்ளைத் துணி காய்ந்தது. வெள்ளையாகவே காய்ந்தது.

"பாத்தீங்களா?" என்றான் மச்சினன்.

வாளி ஆறிய பிறகு திறந்தோம். பலகைகள் கரிந்து அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன. கையால் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. நடுவில் செம்புத் தகடு, புதுசாகப் பிறந்தது மாதிரி இளஞ்சிவப்பு. அடியில் ஈயம் முத்து முத்தாக. வாழ்க்கையில் நான் திறந்த டீவிக்குள் முதல் தடவையாக எனக்கு ஏதோ புரிந்தது.

சம்சாரம் வந்து பார்த்தாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தினாள்.

"நாறுது."

"பொகை வரல புள்ள."

"பொகை வரலதான். நாறுது."

"உனக்குத் தெரியாது. ஊர்ல எல்லாருக்கும் மோந்து சொல்றவன் நானு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மச்சினன் செம்பை ஒரு பையில் கட்டிக் கொழும்புக்குக் கொண்டு போனான். காம்பரா பாதி காலியாயிற்று. சம்சாரம் கால் நீட்டிப் படுத்தாள். கதை இங்கே முடிந்திருக்கலாம். அடுத்த மாதம் அவன் திரும்பி வந்தான். தோளில் ஒரு சாக்கு, கையில் ஒரு சாக்கு. இரண்டிலும் பலகை. கொழும்பில் ஏதோ கந்தோர் ஆபீசில் கழித்த கம்ப்யூட்டரின் உள்ளுறுப்பாம்.

"கடையில சும்மா கெடந்துச்சு மச்சான். நம்மகிட்டதான் டின்னு இருக்கே."

அக்காள் அவனுக்குச் சோறு போடாமல் ஒரு மணி நேரம் உட்கார வைத்தாள்.

இனி ஞாயிற்றுக்கிழமை கூடாது என்று சட்டம் போட்டாள். ஞாயிறுதான் எல்லாரும் தலை குளிக்கிற நாள், விருந்தாள் வருகிற நாள். சரி என்றேன். எனக்கு வேலை இரண்டு மணிக்கு முடியும். அந்த நேரத்தில் லயத்தில் ஒரு ஆள் இருக்காது. பெண்கள் கொழுந்து மலையில், ஆண்கள் புல்லு வெட்ட. கேட்பதற்கு நாதி இல்லை. மச்சினன் ஊருக்குப் போன பிறகும் நான் தனியாக வாளியை ஏற்றினேன். கிழமைக்கு மூன்று நாள், நாலு நாள். சாக்குக் காலியானது. செய்தி பரவி லயத்திலிருந்து இன்னும் பெட்டிகள் வந்தன. இந்தத் தடவை பழுது பார்க்க இல்லை. "அண்ணே, இதையும் அவிச்சிருங்க" என்றார்கள்.

லயத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்தேன். ஸ்டோர் மாடியில் கொழுந்து இருக்கிற நேரம் என்று பார்க்கவில்லை.

மத்தியானம் ஆனால் லயத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றுப் பக்கமிருந்து காற்று மேலே ஏறும். எங்கள் லயம் கீழே. ஸ்டோர் மேலே. பகல் கொழுந்து வந்து மாடியில் பரப்பியிருக்கும். காற்றாடி வெளிக்காற்றை இழுத்து இழுத்து அதன்மேல் ஊதும். வாளியின் மண் பூச்சோ வெயிலிலும் தீயிலும் வெடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆவி அதன் வழியே கசிந்தது. புகை இருந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்.

வாசம்? என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை நான் வாளியின் திறமை என்று நினைத்தேன்.

வீட்டில் என் சோறு வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு வந்தது.

"உள்ள வராதீங்க. உங்க மேல கொளுத்துன பிளாஸ்டிக்கு நாத்தம்."

"எனக்குத் தெரியலியே."

"நேத்து ஊசிப்போன குழம்பு ஊத்துனேன். அதையும் நல்லாருக்குன்னு சாப்பிட்டீங்க."

"வேணும்னா ஊத்துன?"

"பாக்கத்தான் ஊத்துனேன்."

நான் அதையும் பெரிதாக எடுக்கவில்லை. வயிறு ஒன்றும் செய்யவில்லை.

ஒரு காலை பெயர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஸ்டோருக்குப் போனேன். டீமேக்கர் ஐயா மேசையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து நின்றார். ஒன்றை உறிஞ்சுவார், வாளியில் துப்புவார், அடுத்தது. அன்றைக்கு ஒவ்வொன்றாகத் துப்பிவிட்டுத் தலையில் கை வைத்தார். அவருக்கு மூன்று கிழமையாகத் தடிமன், அடைத்த மூக்கு அன்றைக்குத்தான் திறந்தது. அதனால் இவ்வளவு நாள் அவருக்கே தெரியவில்லை. கொழும்பிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேயிலையில் ஏதோ வாசம், வாங்க மாட்டோம் என்று.

எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"பொகை இல்ல. எண்ணெய் இல்ல. இப்புடி ஒரு வாசம் நான் இருவது வருஷமா குடிச்சதில்ல. யாரோ கொண்டு வாறான். யாருன்னு தெரியணும். தெரிஞ்சா அவன் ஸ்டோர்ல இல்ல, மலையில."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"நீதான் மூக்கு. ஒரு கிழமை தாறேன். கண்டுபிடி. கண்டுபிடிக்கலேன்னா உன்னத்தான் மலைக்கு அனுப்புவேன். மோந்து பாக்காத மூக்கு எனக்கு எதுக்கு?"

"சரிங்கய்யா" என்றேன்.

அந்த நேரம் சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் முழு விசுவாசத்தோடு தேட ஆரம்பித்தேன். காவல்காரரிடம் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒரே ஒரு சுருட்டுதாம்பா. அதுவும் பின்பக்கம்."

"வேற?"

"கொஞ்சம் சாராயம்."

லொறி டிரைவர் பச்சைக் கொழுந்துச் சாக்குக்கு அடியில் கருவாடு கொண்டு வருவதை ஒப்புக்கொண்டார். காற்றாடிக்கு எண்ணெய் விடுகிறவன் தலைக்கும் அதையே தடவுவதாகச் சொன்னான். ஒருத்தி அழுதுவிட்டாள். அவள் செய்தது ஒன்றுமில்லை, பயத்தில் அழுதாள். மூன்று நாளில் ஸ்டோரின் பாவமெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. "இனி பண்ணாதீங்க" என்று விட்டேன். மரியாதை இன்னும் கூடியது.

நாலாம் நாள் மத்தியானம் வாளியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் குந்தினேன். காற்று முதுகில் பட்டது. காய்ந்த இலை ஒன்று எழும்பி மேலே போனது. சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மிதந்து மிதந்து ஸ்டோர் மாடியின் ஜன்னலில் போய் ஒட்டியது. காற்றாடி இழுத்துக்கொண்டது.

நான் வாளியைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். மறுபடி வாளியைப் பார்த்தேன்.

தண்ணீரை எடுத்துத் தீயில் ஊற்றினேன்.

இப்போது நிலைமை இது. கண்டுபிடித்தால் நான் மலைக்கு. கண்டுபிடிக்காவிட்டாலும் நான் மலைக்கு. சம்சாரத்திடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"காலு தாங்காதே" என்றாள்.

"தாங்காது."

"என்ன பண்ணப் போறீங்க?"

"இன்னும் மூணு நாளு இருக்கு. தேடுறேன்."

"யார?"

யாரை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் தேடினேன். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு மாடி, அடுப்பு, சாக்கு வைக்கிற அறை எல்லாம் மோந்தேன். காவல்காரர் பின்னாலேயே வந்தார், என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றார். வாளி ஓய்ந்ததால் புதுத் தேயிலை நன்றாக வந்தது. எப்படியாவது மறந்துவிடுவார்கள் என்று ஒரு ஆசை. காற்றாடி மோட்டாரில் சுருள் கருகியது என்று சொல்லலாமா என்றும் பார்த்தேன். சொல்லியிருந்தால் எண்ணெய் விடுகிறவன் தலைக்கு வந்திருக்கும். எண்ணெய் ஏற்கெனவே தலையில்தான் இருந்தது. பாவம், விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் ஐயா கூப்பிட்டார். மேசையில் இரண்டு கோப்பை.

"ஒண்ணு நாறுன தேயிலை. ஒண்ணு இன்னைக்கு அரைச்சது. எது எது?"

இதைவிட லேசான கேள்வி இல்லை. குனிந்து மோந்தேன். சூடு தெரிந்தது. மற்றதை மோந்தேன். அதிலும் சூடு தெரிந்தது. உறிஞ்சினேன். கசப்பு. அதுவும் கசப்பு.

இடது பக்கத்தைக் காட்டினேன். "இதுதாங்கய்யா. வயித்தப் பொரட்டுது."

அவர் அந்தக் கோப்பையை எடுத்தார். நிதானமாக முழுவதையும் குடித்தார். கீழே வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திறந்து என் மூக்கடியில் பிடித்தார்.

"இது என்ன?"

தெளிவாக இருந்தது. "தண்ணீங்க."

"மண்ணெண்ணெய்."

எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. சம்சாரம் ஊற்றிய ஊசின குழம்பு, இஸ்தோப்பில் வந்த சோறு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வாளி வாசத்தைத் தின்னவில்லை. என் மூக்கைத் தின்றிருக்கிறது.

"ஐயா" என்றேன். "தேட வேணாம். ஆள் கெடைச்சுட்டான்."

"யாரு?"

"நாந்தாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். நாலைந்து வாக்கியம்தான் வந்தது. அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்து மூடினார். பிறகு, "நட" என்றார். "அந்த வாளியக் காட்டு."

அவர் லயத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலெல்லாம் தலை முளைத்தது. வாளிக்கு முன்னால் குந்தினார். குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"பொகை வரல?"

"வரலீங்க."

"ஆவி திரும்பி அடுப்புக்கே போகுது?"

"போகுதுங்க. விறகு மிச்சம்."

வெந்த பலகை ஒன்றை எடுத்து நொறுக்கினார். செம்பு மின்னியது. "அனே," என்று சிங்களத்தில் வியந்தார். "நல்ல வேலை. நாசமாப் போன நல்ல வேலை."

சம்சாரம் கொழுந்துக் கூடையோடு அப்போதுதான் மலையிலிருந்து இறங்கினாள். நனைந்திருந்தாள். காலில் அட்டை கடித்த ரத்தம். விஷயத்தை முகத்திலேயே படித்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. அவரிடம் நேராகப் பேசினாள்.

"மாசக் கணக்கா சொல்றேங்கய்யா, நாறுது நாறுதுன்னு. ஊருக்கே மோந்து சொல்றவருக்கு வீட்ல சொன்னா ஏறுமா?"

ஐயா திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாமலா? மலையில நிக்கிறப்பவே தெரியும், இன்னைக்கு இவரு அடுப்பு பத்த வச்சிருக்காருன்னு. ஐயா சட்டையில பூச்சி உருண்டை வாசம் வருது. பெட்டியிலருந்து எடுத்துப் போட்டீங்க. காலையில பருப்பு அடிப்புடிச்சிருக்கு, உங்க வீட்லதான்."

அவர் தன் தோளை மோந்து பார்த்தார். ஜன்னல் தலைகள் சிரித்தன. அவர் முறைத்தார், தலைகள் மறைந்தன.

வாளியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். நான் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னா சொன்னதுதான்," என்றார் என்னிடம். "நாளைக்குப் படியடியில நீ இல்ல."

"சரிங்கய்யா."

"அங்க இவ நிப்பா."

சம்சாரம் கூடையை இறக்கி வைத்தாள். "நானா?"

"நீதான். இவன் கீழ அடுப்புல விறகு போடட்டும். அடுப்புக்கு மூக்கு வேணாம்."

அந்த வாளியை உடைக்கச் சொன்னார். உடைத்தேன். மிச்சமிருந்த பெட்டிகளை அந்தந்த வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுத்தேன். "சாமான் கெடைக்கல" என்றேன். தோட்டப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண வாத்தியார் ஒருவரின் ரேடியோவும் இருந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "உதுக்குப் பேர் பைரோலிசிஸ். உந்த ஆவி நஞ்சு, தெரியுமோ? சுவாசிக்கவே கூடாது" என்றார்.

"ஒரு வருஷம் முந்தி சொல்லியிருக்கலாமே சார்."

"நீர் கேக்கேல்லையே."

மச்சினனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன், சாக்கோடு வந்தால் அக்காள் வாசலில் நிற்கிறாள் என்று. ஒரு வருஷம் வரவில்லை.

சம்சாரம் படியடியில் என்னைவிட மோசம். என்னையே மூன்று நாள் திருப்பி அனுப்பினாள். எனக்கு மேலே வேலையும் இல்லை, ஒரு கயிறு எடுக்கப் போனேன். "அப்பால போங்க" என்றாள், எல்லாருக்கும் முன்னால். பூ வைத்த பெண்களை அவள் திருப்பி அனுப்பவில்லை. பூவை வாங்கித் தன் இடுப்புத் துணியில் சுற்றிக் கீழ் ஜன்னலுக்கு வெளியே கட்டி வைத்து, போகும்போது திருப்பிக் கொடுப்பாள். எனக்கு அந்த யோசனை வரவே இல்லை.

ஒரு நாள் கடும் மழை. மலையில் இருந்தவர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொழுந்து நிறுக்க நின்றார்கள். அவள் உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விறகு வண்டியோடு கடந்து போனேன்.

"பத்தொம்பது வருஷமா அங்க நின்னேன்," என்றாள். "தலை காஞ்சு இருக்கு இப்ப." தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாலைந்து மாதம் போயிருக்கும். அடுப்பில் யூக்கலிப்டஸ் விறகைப் போட்டேன். மூக்குக்குள் ஏதோ குத்தியது. தும்மல் என்று நினைத்தேன். தும்மல் இல்லை, வாசம். இன்னொரு கட்டையை எடுத்து முகத்தில் வைத்து மோந்தேன். பக்கத்தில் நின்றவன் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தான். அன்றைக்கு வீட்டில் கருவாட்டுக் குழம்பு. மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அதற்கு அடுத்த கிழமை டீமேக்கர் ஐயா அடுப்பு அறைக்கு இறங்கி வந்தார். தீயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன, மூக்கு வந்துச்சா?"

வெளியே மழை. மேலே படியடியில் அவள் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது. ஐயா காலையில் தேங்காய்ச் சம்பல் சாப்பிட்டிருந்தார். மாசிக் கருவாடு போட்டது. தேங்காய் கொஞ்சம் பழசு.

"இல்லீங்கய்யா," என்றேன். "ஒண்ணுமே தெரியல."

"அனே பாவம்" என்று தோளில் தட்டிவிட்டு மேலே போனார். நான் விறகைப் போட்டேன்.